உலகம்மாள் ஆடு எண்ணமாட்டாள்

“மொட்டக்காது மக வந்தாச்சு, நொண்டி வந்தாச்சு, திருடி வந்தாச்சு, திருடி பெத்த திருடனும் வந்தாச்சு…”

பொழுது சாய்ந்ததும் உலகம்மாள் பட்டி வாசலில் தொரட்டியை ஊன்றி நின்று ஆஜர் எடுப்பாள். செம்மறிகள் ஒவ்வொன்றாக வலைக்குள் நுழையும். ஒரு குட்டி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் மொத்தம் எத்தனை என்று மட்டும் கேட்கக் கூடாது. ஆட்டை எண்ணினால் ஆடு குறையும் என்பது அவள் கட்சி. இந்தச் சட்டம் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் பாதிப் பேர் கணக்கில் பாஸாகியிருப்பார்கள்.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போடுவதுதான் பிழைப்பு. ஆடு புழுக்கை போடும், வயல் கொழுக்கும், வயல்காரர் கூலி கொடுப்பார். உலகம்மாளின் காலில் ஒரு செருப்பு நீலம், ஒன்று சிவப்பு. கேட்டால், “ரெண்டும் ஒரே ஊருக்குத்தான போகுது?” என்பாள்.

கொரோனா வந்தபோது ஊர் விட்டு ஊர் போகக் கூடாது என்று மறித்தார்கள். “எங்க ஆட்டு மூஞ்சிக்கு மாஸ்க் தைக்க எந்த டெய்லரு இருக்கான்?” என்று போலீஸ்காரரிடமே கேட்டுப் பார்த்தாள். நடக்கவில்லை. கிடை இல்லை, கூலி இல்லை. சினையாடுகள் இரண்டை அரை விலைக்கு வியாபாரியிடம் பேசி முடித்த வாரத்தில்தான், ஆடு வளர்ப்பவர்களுக்கு ஆட்டுத் தலைக்கு இவ்வளவு நிவாரணம் என்று விண்ணப்பத்தோடு வந்தார் கால்நடை ஆய்வாளர் யுவராணி.

“எத்தனை உருப்படிம்மா?”

“கெடக்கு தாயி, கொஞ்சம்.”

“கொஞ்சம்னு எழுத முடியாதும்மா. இன்னைக்குக் கடைசி நாளு.”

“அப்ப நெறையன்னு எழுதிக்க.”

பக்கத்துப் பட்டிக்காரன் காளீஸ்வரனுக்குக் கொண்டாட்டம். “ஏக்கா, நம்பரச் சொன்னா பணம். சொல்லாட்டி நாளைக்கு யாவாரி சினையாட்டு கழுத்துல கயித்தப் போடுவான்.”

“ஏலே, போன வருசம் நீ எண்ணுன. மறுவாரமே ஆட்டுக்கெல்லாம் நாக்கு நீலம் பாரிச்சு, வாரி வாரிப் பொதைச்சியே, மறந்துட்டியா?”

காளீஸ்வரன் வானத்தைப் பார்த்தான்.

உலகம்மாள் சினையாடுகள் பக்கம் திரும்பினாள். ஒன்று வந்து அவள் முந்தானையை மென்றது. அதைப் பிடுங்கக்கூட இல்லை. பிறகு சொன்னாள்: “நீயே எண்ணிக்க தாயி. மனசுக்குள்ள எண்ணு. எம் பட்டியில ஒரு நம்பரு சத்தமா விழக் கூடாது.”

முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். இரண்டு காதிலும் விரலைச் செருகிக்கொண்டு காக்காய்களைக் கண்டபடி ஏச ஆரம்பித்தாள். யுவராணி உதட்டை இறுக்கிக்கொண்டு, வலைக்குள் நுழைந்த ஆடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். திருடி மட்டும் இரண்டாம் தடவையும் நுழையப் பார்த்தது, நிவாரணத்திலும் கைவரிசை. தாளிலிருந்த நம்பரைப் பார்த்துவிடாமல் கண்ணை மூடிக்கொண்டே போட்டதில் உலகம்மாளின் கையெழுத்து தாளைத் தாண்டி ஆய்வாளரின் கட்டைவிரலில் முடிந்தது.

பணம் ஏறிய சேதியை அவள் போனில் படித்துச் சொன்னவன் காளீஸ்வரன்தான். “யாவாரிய இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லிருலே!” என்று கத்திவிட்டு, சிரித்துக்கொண்டே உலகம்மாள் குனிந்து கூடையில் புழுக்கை அள்ளினாள். சினையாடுகள் நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. காளீஸ்வரன் போனையே உற்றுப் பார்த்தான். திடீரென்று அவன் கண் மின்னியது.

“ஏக்கா! தலைக்கு எவ்வளவுன்னு தெரியும். மொத்தம் இங்கன இருக்கு. இத அதால வகுத்தா, ஒம் மந்தையில மொத்தம்…”

புழுக்கை அள்ளிய கையோடே பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள் உலகம்மாள்.