மாமன் மடி

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் பேருந்து நிற்கிறது. இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் சாலையில் மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். இன்று திருச்சியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் வாங்கிய தோடு என் பையில் கிடக்கிறது.

சாலையோரக் கோயிலிலும் ஒரு காதுகுத்து. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய சிறுமியைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா என்னிடம் வருகிறாள்.

"அண்ணே, எங்க அண்ணனும் வழியில மாட்டிக்கினாரு. நல்ல நேரம் போய்க்கினே இருக்குது. மாமனா நீங்க உக்காருங்கண்ணே."

என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. உட்காருகிறேன்.

"இவரு மடியில ஏம்மா?" என்கிறாள் சிறுமி.

"வலிச்சா மாமனத்தான் புடிச்சிக்கணும், கண்ணு."

ஆசாரி ஊசியை எடுக்கிறார். "மாமா!" என்று அலறி என் சட்டையைப் பிடிக்கிறாள்.

திருச்சியில் தங்கை மகள் இந்நேரம் யார் சட்டையைப் பிடித்திருக்கிறாளோ.