இரண்டு சீட்டிலும் ஒரே ஊர்

அன்று பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: என் அண்ணை சவிரிமுத்து. அண்ணி றீற்றா. அவர்களுடைய மகள் மெலனி, ஆறு வயது. என் மனைவி பிலோமினா. அவளுடைய தம்பி அருள், வாடகைக்கு ராக்சிக் கார் ஓடுபவன். நான். அலுமாரிக்கு மேல் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் மாதா சொரூபம்.

இவ்வளவு பேரையும் நான் ஏமாற்றினேன். மாதாவுக்கு முன்னால் சீட்டுப் போட்டபோது இரண்டு சீட்டிலும் ஒரே ஊரை எழுதினேன்.

இது ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாயிரத்து நாலு, செப்டெம்பர் கடைசி. அண்ணையின் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வருகிற செவ்வாய் தொடக்கம் கிழமைக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் இருந்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு. எங்காவது போய் ஓர் இரவு தங்கி வருவோம் என்று எல்லோருமாக யோசித்தோம்.

இரண்டு ஊர் பேச்சில் வந்தது. ஒன்று சென்ட் அகத். வடக்கே, ஒன்றரை மணித்தியால ஓட்டம், ஏரிக்கரை. மற்றது கமுறாஸ்கா. கிழக்கே, ஐந்து மணித்தியாலம், பெரிய ஆறு உப்பாகிற இடம்.

அண்ணைக்குக் கமுறாஸ்காதான் வேண்டும். அவருடன் வேலை செய்த ஒரு பிரெஞ்சுக்காரன் அந்த ஊர். ஒரு படம் காட்டியிருக்கிறான். நீர் வற்றிய சேற்றில் வரிசையாகக் கம்பு நட்டு வலை கட்டியிருக்கிறது. விலாங்கு பிடிக்க. அண்ணை மன்னாரில் களங்கட்டித் தொழில் செய்தவர். அதுவும் இதே வேலைதான், கம்பு நட்டு மீனை உள்ளே வரவிட்டு மறிக்கிறது.

"வெள்ளைக்காரனும் எங்களை மாதிரித்தான்டா கட்டுறான். ஆனா வாசலை எந்தப் பக்கம் விடுறான் எண்டு படத்தில தெரியேல்லை. அதை ஒருக்காப் பாக்கவேணும்," என்றார்.

"மீன் பாக்க ஐஞ்சு மணித்தியாலமோ? கடையில கிடக்கு, வாங்கோ காட்டுறன்," என்றாள் அண்ணி.

"உனக்குக் குழம்பில கிடந்தாத்தான் மீன்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உள்ளே பயம்.

வான் என்னுடையது. வாங்கி ஐந்து மாதம். நான் நாலாம் வகுப்பு. பெருந்தெருப் பலகைகள் வந்து போகிற வேகத்தில் எனக்கு ஓர் எழுத்தும் பிடிபடாது. வடக்கு வீதி மட்டும் தெரியும். இரண்டு வருடம் வேலை வானில் அந்த வழியால் போய் வந்தவன். கிழக்கே போனால் எங்கே திரும்புவது? எந்தப் பாலம்?

அருள் சொன்னான், "தூரமெண்டா நான் ஓடுறன் அத்தான். நீங்கள் பின்னால இருந்து நித்திரை கொள்ளுங்கோ."

ஓம் என்றிருந்தால் முடிந்தது. ஒரே ஒரு ஓம்! வாய் வரவில்லை. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அண்ணை. அவரை முதல் தடவை நான் கூட்டிப்போகிறேன். வான் ஓடுகிற கதிரையில் இன்னொருவன் இருப்பதா?

"வயித்துக்குள்ள இருக்கிற வருத்தத்தோட அவ்வளவு தூரம் கூடாது," என்றேன். அண்ணைக்காகப் பேசுவது போல.

இழுபட்டது. எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. வீடோ, பிள்ளையின் பெயரோ, முடிவு வராவிட்டால் மாதாவிடம் விடுவோம். இரண்டு துண்டில் எழுதி, சுருட்டி, செபம் சொல்லி, பிள்ளை ஒன்றைக் கொண்டு எடுப்பிப்போம். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறப்பதில்லை.

"மாதா சொல்லட்டும்," என்றார் அண்ணையே.

நான் குசினிக்குப் போய் எழுதினேன். முதல் துண்டில் சென்ட் அகத். இரண்டாவது துண்டில்... கை தானாக எழுதியது என்று சொல்லமாட்டேன். நான்தான் எழுதினேன்.

மெலனி எடுத்தாள். அருள் வாசித்தான். அண்ணை சிலுவை அடையாளம் போட்டார்.

பிள்ளை மற்றத் துண்டையும் கையில் எடுத்தாள். "சித்தப்பா, இதிலயும் பாக்கட்டா?"

பறித்தேன். மெழுகுதிரியில் பிடித்தேன். எரிந்தது.

"மற்றதைப் பிரிக்கக்கூடாது. மாதாவைச் சந்தேகப்படுற மாதிரி," என்றேன்.

அப்படி ஒரு முறை எங்கும் இல்லை. அந்த நிமிடம் நான் உண்டாக்கியது. இன்று எங்கள் குடும்பத்தில் அது முறை. ரொக்ஸ்பரோவா நோத்ர-டாம்-த-கிரேஸா என்று அண்ணி வீடு பார்த்தபோதும் மற்றச் சீட்டைப் பக்தியாக எரித்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

சென்ட் அகத் போனோம். நல்ல ஏரி. மரமெல்லாம் சிவப்பு. அண்ணை குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"சப்பெண்டு கிடக்கடா," என்றார். சிரித்தார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மெஷின் தொடங்கியது. மெஷினுக்குப் போன நாள் சோர்ந்து கிடப்பார். அடுத்த நாள் எழும்பிக் கொஞ்சம் நடப்பார். அதற்கு அடுத்த நாள் திரும்ப மெஷின். கமுறாஸ்கா பற்றி ஒருவரும் பேசவில்லை. மாதா வேண்டாம் என்ற ஊர் அல்லவா!

நான்தான் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவேன். எனக்கு நேரம் இல்லாத நாளில் அருள். ஒருநாள் போகிற வழியில் அண்ணை கேட்டார்.

"தம்பி, மாதா அந்த ஊரை எனக்கு ஏன் மறுத்தவ?"

நான் வீதியைப் பார்த்தேன்.

"யோசிச்சுப் பாத்தன். பெடியனா இருக்கேக்க ஒருக்கா விடிய முன்னம் போய் மற்றவன்ர களங்கட்டியில மீன் அள்ளினனான். அவன்ர வீட்டில அண்டைக்கு அடுப்பெரியேல்லை எண்டு பேந்துதான் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதாலதான் எண்டு நினைக்கிறன்."

அப்போது சொல்லியிருக்கலாம். சிவப்பு விளக்கில் வான் நின்றிருந்தது. நேரம் இருந்தது.

"இருக்கும் அண்ணை," என்றேன்.

தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கத் தொடங்கினார். அந்த உடம்போடு! அண்ணி வேண்டாம் என்று பேசினாள். கேட்கவில்லை. மாதா கொடுக்காத தண்டனைக்கு அவர் காரணம் தேடினார். காரணத்தை நான் ஆமோதித்தேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். என்ன பொய் என்று சாமி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது மன்னிப்பில் சேருமா? எனக்குத் தெரியாது.

இரண்டு வருடமும் மூன்று மாதமும் மெஷினில் இருந்தார். ஒரு மார்கழியில் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் முடிந்து அண்ணி சாமான் அடுக்கினாள். சுவரில் மாட்டியிருந்த கலண்டர்களை எறியச் சொல்லி என்னிடம் தந்தாள். ஆஸ்பத்திரி நாளெல்லாம் குறித்து வைத்திருந்தாள். அருள் ஏற்றிப்போன நாளுக்கு வட்டம். நான் ஏற்றிப்போன நாளுக்குப் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி. அந்த நாள்களில் வானில் நானும் அவரும் மட்டும். போக அரை மணித்தியாலம், வர அரை மணித்தியாலம்.

எறியவில்லை. வான் விடுகிற கராச்சுக்குள் கொண்டுபோய், நின்றபடி புள்ளடிகளை எண்ணினேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.