ஆண் இரண்டு, பெண் மூன்று

1891ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெனிட்டாவின் முன்னோர் குடும்பம் ஐந்து பேர். பெயர்கள் கிடையாது. இன்றைய சங்கரன்கோவிலான சங்கரநயினார்கோவில் தாலுகாவில், பனவடலிசத்திரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு நேராக 'கிறிஸ்தவர்: ஆண் 2, பெண் 3' என்று இருக்கிறது. அவ்வளவுதான். அந்த ஊரில் அன்றைக்கு வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களாகியிருந்தது அவர்கள் வீடு ஒன்றே.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வளையல் கடை வைத்திருக்கும் பெனிட்டா, கூட்டம் ஓய்ந்த மதியங்களில் போனில் துழாவி அந்தப் பழைய கணக்கெடுப்புப் புத்தகத்தைப் பிடித்திருந்தாள். டிசம்பரில் குடும்பக் கூடுகை. அதற்கு வம்சப் படம் அச்சிட வேண்டும். ஆண்கள் பூட்டனும் அவர் அப்பாவும். பெண்களில் மாமியார், மருமகள் தெரியும். மூன்றாவது யார்?

"எண்ணுனவன் தப்பா எண்ணிருப்பான். படத்துல அந்த மூணாவது பொம்பளை கட்டத்தைத் தூக்கிரட்டாக்கா?" என்றான் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி பிரவின்ராஜ்.

"அஞ்சு பேர எண்ணத் தெரியாதவனையா வெள்ளைக்காரன் வேலைக்கு வச்சான்? சும்மா கிடலே. திங்கக்கிழமை வரைக்கும் பொறு."

அன்று மாலை மேலநீலிதநல்லூர் பஸ் வந்து நின்றபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. சிறுவயதில் சங்கரன்கோவில் கோயிலின் ஒவ்வோர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் அந்த ஊர்க் காந்திமதியம்மாள் வீட்டார் அந்த பஸ்ஸில்தான் வருவார்கள். கூட்டத்தில் கசங்கி, நெற்றி நிறையத் திருநீறோடு. பெனிட்டா வீட்டில், சிலுவை மாட்டிய கூடத்தில் அவர்களுக்கு மதியச் சாப்பாடு. அப்பா வாசலுக்கே போய், காந்திமதியம்மாளின் தகப்பனாரை, "வாங்கத்தான், வெயில்ல வந்துட்டீயளே" என்று கையைப் பிடித்துக் கூட்டி வருவார். என்ன வழியில் அத்தான் என்று யாரும் கேட்டதில்லை. பெனிட்டாவும் காந்திமதியம்மாளை இன்றுவரை மதினி என்றுதான் கூப்பிடுகிறாள்.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு மேலநீலிதநல்லூருக்கு பஸ் ஏறினாள்.

"எங்க பூட்டி ஒங்க வேதக்கார வீட்டுல பொறந்தவ, ஒங்க பூட்டனுக்குக் கூடப் பொறந்தவ," என்றாள் காந்திமதியம்மாள். "அத்தை மகனைக் கட்டி இங்கன வந்து திருநீறு பூசிக்கிட்டா. எங்கய்யா சொல்லுவாவ."

"இத்தன வருசமா சொல்லவேயில்லையே மதினி?"

"நீ கேட்டியாட்டி? சொந்தம்னுதான ஒங்க வீட்டுல கை நனைச்சோம். ஓசிச் சோத்துக்கா பஸ் ஏறி வந்தோம்?"

"பூட்டி பேரென்ன?"

"ஞானபூரணம். இந்த வீட்டுல தலைமுறைக்கு ஒருத்திக்கு அந்தப் பேரு."

அங்கிருந்தே பெனிட்டா தம்பிக்குப் போன் போட்டாள். "ஏலே, அந்த மூணாவது கட்டத்துல ஞானபூரணம்னு எழுது. அதுக்குக் கீழ நெறைய எடம் விடு."

ஃப்ளெக்ஸ் திங்கட்கிழமை அச்சாகிறது, அகலம் இரண்டடி கூடுதலாக. கூடுகைக்கு மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு வேன் வருகிறது. முன் சீட் காந்திமதியம்மாளுக்கு.