ஜமாலின் வாப்பா பாதியில் நிறுத்திய பேச்சு

இன்று காலை, செனாயில் உள்ள எங்கள் அலுவலகத்தில், லினக்ஸில் ஓடிய நிரல் ஒன்றை விண்டோஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் யாரோ மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மிளகாய் நெடி மூக்கில் ஏறிய நேரம், கையேட்டில் ஒரு வரி: சீரமைத்து ஒதுக்கிய நினைவகத்தை விண்டோஸில் அதற்கென்று உள்ள கட்டளையால்தான் விடுவிக்க வேண்டும். கை நின்றுவிட்டது. அப்படியானால் என் கல்லூரி நண்பன் ஜமாலின் வாப்பா அன்றைக்குப் பேச்சை நிறுத்தவில்லை!

இதே நெடிதான் உலு திராமில் அவருடைய சாப்பாட்டுக் கடையிலும். கல்லூரிக்குப் போன நேரம் தவிர ஜமாலும் நானும் அங்கேதான் கிடப்போம். ஒரு நாள் வீட்டில் ஜமாலின் உம்மாவோடு சண்டை போட்டுவிட்டுக் கடைக்கு வந்த வாப்பா, அன்று மாலையே மாரடைப்பில் போய்விட்டார். அதற்கு முன் உம்மாவுக்கு இரண்டு குரல் செய்திகள் அனுப்பியிருந்தார். புகையிழுக்கும் விசிறியின் இரைச்சலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கோபத்தோடேயே போனாரா? உம்மாவுக்கு அது தெரிய வேண்டும்.

இரைச்சலை நீக்க நிரல் எழுதினோம். எனக்குத்தான் எதிலும் அவசரமாயிற்றே! கணினியின் செயலி ஒலியின் எண்களை எட்டெட்டாக அள்ளினால் வேகம். அதற்கு நினைவகத்தின் முகவரி முப்பத்திரண்டால் மீதியின்றி வகுபட வேண்டும். அப்படி ஒதுக்கும் கட்டளை இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறு. அதை விண்டோஸுக்கு மாற்றினோம்; விடுவிக்கும் கட்டளையை மாற்றத் தோன்றவில்லை. என் லினக்ஸ் மடிக்கணினியில் அது பிழையே இல்லை. மாதிரிப் பதிவுகள் அழகாக ஓடின.

கடையின் விண்டோஸ் கணினி முன் உம்மாவை உட்கார வைத்தோம்.

"எல்லாம் ஓகே லா உம்மா, கேளுங்க," என்றான் ஜமால்.

வாப்பா தோளருகே நின்று பேசுவதுபோல் இருந்தது. "கோழி தீந்துருச்சு, வர நேரமாவும். ஒண்ணு சொல்லணும் ஒங்கிட்ட, இரு..."

முதல் செய்தி முடிந்ததும் நிரல் பட்டென்று மூடிக்கொண்டது. மறுபடி ஓட்டினோம். "...இரு." மூடிக்கொண்டது. இன்னொரு முறையும் அதே இடம். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தார்.

"போதும்பா. அவங்களுக்கு எங்கிட்ட பேசப் பிடிக்கல."

நான் கணினி படித்தவன்தான், ஆனாலும் வாப்பாவே நிறுத்திவிட்டார் என்று நம்பினேன். அதன்பின் உம்மா அந்தப் பதிவுகளைத் தொடக்கூடாது என்றுவிட்டார்.

இன்று மதியம் சிங்கப்பூரில் வேலையிலிருந்த ஜமாலை அழைத்துச் சொன்னேன்.

"அலமாக்! நம்ம நிரல்தான் செத்துச்சா? வாப்பா இல்லையா?"

"நம்ம நிரல்தான்டா. முதல் செய்தியோட நினைவகத்த தப்பான கட்டளையால விடுவிக்கப் போய்ச் செத்துச்சு."

மாலையில் அவனே அழைத்தான். "உம்மாகிட்ட சொன்னேன்டா. உன்னை ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொன்னாங்க. கணினியையும் எடுத்துட்டு வரணுமாம்."

கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். விசிறியின் இரைச்சல், "தே தாரிக் ரெண்டு!" என்று டீ கேட்கும் கூச்சல், தோசைக்கல்லில் கரண்டி தட்டும் சத்தம் எல்லாம் அந்த இரண்டு பதிவுகளில்தான் மிச்சம். நாங்கள் துடைக்கப் பார்த்ததே அவற்றைத்தான்.

இரண்டாவது செய்தியில் என்ன இருக்கிறதோ, எனக்கும் பயம்தான். ஞாயிற்றுக்கிழமை அதைக் கடைசிவரை ஓட்டப்போகிறேன். வாப்பாவின் சொல் விளங்கும் அளவுக்கு மட்டும் துடைத்துவிட்டு, கடையைக் கொஞ்சம் விட்டுவைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.