மங்கலாக்கிய புயல்

பழைய புயல்களை எடைபோடுவது என் வேலை. கடலோரக் கண்டக்குழியில் நானாவின், அதாவது என் அண்ணனின், வீட்டில் இருந்துகொண்டே செய்கிறேன். விண்ணிலிருந்து செய்மதிகள் பல ஆண்டுகளாக வங்காள விரிகுடாவை எடுத்த படங்களைக் கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுக்குழு அனுப்பும். மேகம் எவ்வளவு இறுகிச் சுருண்டிருக்கிறது, நடுவில் கண் திறந்திருக்கிறதா என்று பார்த்து, காற்றின் வலுவுக்கு எண் போட வேண்டும். பழைய படங்கள் மங்கல், புதியவை பளிச்சென்றிருக்கும். அப்படியே ஒப்பிட்டால் இந்தக் காலத்துப் புயலெல்லாம் பெரிய சண்டியர்களாகத் தெரியும். அதனால் புதிய படத்தையும் பழையதின் அளவுக்கு மங்கலாக்கிவிட்டுத்தான் பார்ப்போம்.

போன வருடம் ஒரு காலை, நானா மீன்பிடிக்கக் கடலுக்குப் போன பிறகு எச்சரிக்கை வந்தது. கிழக்கே கிடந்த தாழமுக்கம் புயலாகி இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நானாவின் போனுக்கு அழைப்பே போகவில்லை. அவர் மனைவி, என் மச்சி, என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கூடுதா, குறையுதா?"

நேரடிச் செய்மதிப் படத்தைத் திறந்தேன். எழும்பினேன், திரும்ப இருந்தேன், தேத்தண்ணியை ஆறவிட்டேன். புதுப் படம் வர வர மேகம் இறுகிக்கொண்டே போனது. நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. கண் திறக்கிறது, புயல் வலுக்கிறது. மற்ற நாளென்றால் கண்ணைக் கண்டால் எனக்குச் சந்தோஷம், எண் போடுவது லேசு. அன்று அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கை தானாகப் போய்ப் படத்தை மங்கலாக்கியது. கண் மறைந்தது. யாருடைய நானாவும் அகப்படாத ஏதோ பழைய புயல்போல் அது சாதுவாகக் கிடந்தது.

"குறையுது மச்சி" என்றேன்.

அவர் சோறாக்கப் போனார். எனக்கு என் மேலேயே எரிச்சல். மங்கலாக்கினால் படத்தில்தான் காற்று குறையும், கடலில் குறையுமா?

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, தெற்கே உடப்பிலிருந்து யாருடையவோ போனில் நானா பேசினார். காற்று அவருடைய மீன்பிடிப் போட்டை அங்கே தள்ளிவிட்டிருந்தது. வலை போய்விட்டது, ஆள் சுகம்.

"காத்து கூடிக்கூடித்தான் வந்திச்சு" என்றார். ஸ்பீக்கரில் மச்சிக்கும் கேட்டது. அவர் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

"கூடுதுண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் மச்சி. "நீங்க படத்தப் பாத்தீங்க. நான் உங்கட மொகத்தப் பாத்தேன்."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்காமப் போனீங்க?"

"ஒராளாவது குறையுதுண்டு நெனச்சிட்டு இருக்கட்டும்ண்டு விட்டேன். உங்களுக்கும் அவர் நானாதானே."