வில்மா தெரியோ ஏறாத ஒரு புதன்கிழமை

எங்கள் ஊர் லோவர் பெல்டனில் பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒருவர்தான் உண்டு. அவர் வில்மா தெரியோ. பொய் சொல்வதையே தொழிலாகக் கொண்டவரும் ஒருவர் உண்டு. அவர் ஏழு அறை விடுதி ஒன்றை நடத்துகிறார். அந்த ஆள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தெரிய வந்தால் மரியாதைக் குறைவாக இருக்கும்.

வில்மாவுக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தோரு வருடமாக ஊர் ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். ஜனவரி மாதம் காலை ஐந்து மணிக்கு அந்த வண்டியின் மஞ்சள் விளக்கு ஜன்னலில் சுழன்றால்தான் எங்களுக்கு விடிந்ததாக அர்த்தம். யார் வீட்டு வாசல் பனியை முதலில் தள்ளுவது, யார் வீட்டைக் கடைசியில் தள்ளுவது என்று அவரிடம் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை எப்படித் தீர்மானமாகிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் எப்போதும் கடைசிக்கு முந்தின ஆள். கடைசி ஆள் செத்துப்போய் இரண்டு வருடமாகிறது.

பனி இல்லாத காலத்தில் அவருக்கு இன்னொரு வேலை. சம்பளம் இல்லாத வேலை. செப்டம்பரிலிருந்து அக்டோபர் கடைசி வரை ஒவ்வொரு புதன்கிழமையும் கிறிட்டன் பாறை உச்சிக்கு ஏறி, நான்கு பக்கமும் பார்த்து, இலைகள் எத்தனை சதவீதம் நிறம் மாறியிருக்கின்றன என்று மாநிலச் சுற்றுலா அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இப்படி ஒரு ஆள் உண்டு. வியாழக்கிழமை காலை அந்த அறிக்கை வெளிவரும். அதைப் பார்த்துத்தான் ஓஹையோவிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற ஜனங்கள் காரில் கம்பளியையும் மலையேறும் காலணியையும் தூக்கிப் போடுவார்கள். பகலெல்லாம் நடந்து இலை பார்ப்பார்கள். சாயங்காலம் என் விடுதியில் விறகெரியும் கணப்பு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, சூடான ஆப்பிள் சாறு குடித்தபடி, பார்த்த இலைகளையே திரும்பவும் போனில் பார்ப்பார்கள்.

மற்ற வட்டாரத்து ஆட்கள் எழுதுகிற அறிக்கைகளைப் படித்தால் கண்ணில் நீர் வரும். மாணிக்கம் என்பார்கள், பொன் என்பார்கள், சூரியன் இறங்கி வந்து மரத்தில் உட்கார்ந்துவிட்டான் என்பார்கள். வில்மா எழுதுவது இப்படி: ‘வடக்குச் சரிவு நாற்பது. தெற்குச் சரிவு அறுபது. ஓக் இன்னும் பச்சை. மழை.’

இருபத்திரண்டு வருடம் இதே பாணி. ஒரு வருடம் தாங்க முடியாமல் அவர் வீட்டுக்கே ஒரு தட்டு ஆப்பிள் கேக்கோடு போனேன்.

“வில்மா, ஒரே ஒரு வார்த்தை சேத்துக்கங்களேன். அற்புதம்னு. கடைசியில போட்டா போதும்.”

அவர் கேக்கை வாங்கி மேசையில் வைத்தார்.

“அற்புதம்னா எத்தனை சதவீதம்?”

கேக் தட்டு ஒரு வாரம் கழித்து, கழுவித் துடைத்து, என் வாசலில் இருந்தது.

இத்தனைக்கும் அவர் எண்ணை நம்பித்தான் நாங்கள் எல்லோரும் பிழைக்கிறோம். ‘பெல்டன் பக்கம் அந்தம்மா எண்பதுன்னு போட்டிருந்தா எண்பது இருக்கும்’ என்று விருந்தாளிகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்போது தலையாட்டி, “நாங்க ரெண்டு பேரும் கலந்து பேசித்தான் போடுவோம்” என்று சொல்லியிருக்கிறேன்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். கிறிட்டன் பாறை உச்சியிலிருந்து தெரியும் காட்சியைப் பற்றி ஒவ்வொரு மாலையும் கணப்பு அருகே நின்று பதினைந்து நிமிடம் பேசுகிறவன் நான். ஏரியில் மேகம் படிவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவேன். நான் கடைசியாக அங்கே ஏறியது பதினோரு வருடத்துக்கு முன்பு. விடுதி விளம்பரத் தாளில் பாறை மேல் முதுகு காட்டி நிற்கிற உருவம் என் மைத்துனருடையது.

போன அக்டோபரில், இரண்டாவது வாரம், விடுமுறை சேர்ந்த அந்த நீளமான சனி ஞாயிறுக்கு முன்னால், திங்கட்கிழமை காலை வில்மா என் சமையலறைக்குள் வந்தார். என் மனைவி நடீன் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“நாளைக்கு எனக்கு கண்ணுல ஆபரேஷன்” என்றார் வில்மா. “புரை. ஒரு வாரம் குனியக் கூடாதாம், ஏறக் கூடாதாம். எமெரி, புதன்கிழமை நீ பாறைக்குப் போய்ட்டு வா. பார்த்ததை எழுதி அனுப்பு.”

“நானா? எதுக்கு நான்?”

“மத்த எல்லாருக்கும் வேலை இருக்கு.”

நடீன் மாவிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சிரித்தாள்.

“அறிக்கைக்குக் கீழே என் பேரு இருக்கும்” என்றார் வில்மா. “அது அச்சாவே வரும், மாத்த முடியாது. அதனால உச்சி வரைக்கும் போ. வடக்குச் சரிவு அங்கிருந்து மட்டும்தான் தெரியும்.”

“எனக்குத் தெரியாததா வில்மா?” என்றேன். குரலைக்கூடக் கொஞ்சம் தாழ்த்தினேன் என்று நினைவு.

புதன்கிழமை காலை கிளம்பினேன். புதிய மழைக்கோட்டு, இரண்டு கைக்கும் இரண்டு ஊன்றுகோல், இடுப்பில் தண்ணீர்க்குப்பி, முதுகில் உச்சியில் சாப்பிடுவதற்கான ரொட்டி. “எவரெஸ்டுக்குப் போற துரை, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க” என்றாள் நடீன்.

பாதிவழியில் ஒரு பெஞ்ச் இருக்கிறது. யாரோ புண்ணியவான் போட்டது. அதில் உட்கார்ந்தது ஓய்வுக்காக மட்டும்தான். ரொட்டியை எடுத்தது எடையைக் குறைப்பதற்காக. எதிரே தெற்குச் சரிவு. மேப்பிள் மரங்கள் ஒன்றுவிடாமல் எரிந்துகொண்டிருந்தன. சிவப்பு என்றால் வெட்கமில்லாத சிவப்பு. நான் அரைமணி நேரம் பார்த்தேன். ரொட்டி தீர்ந்தது. என் முழங்கால் என்னிடம் ஏதோ சொன்னது. அப்போது எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. மேலே போனால் என்ன இருக்கப் போகிறது? இதே மலை, இன்னும் கொஞ்சம் அதிகமாக.

போனை எடுத்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அறிக்கையை எழுதினேன். எல்லாச் சரிவுகளும் நூறு சதவீதம், முழு உச்சம் என்று போட்டேன். இருபத்திரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்தது அத்தோடு நிற்கவில்லை. அற்புதம் போட்டேன். நிகரற்ற போட்டேன். மலையே தீப்பிடித்ததுபோல் என்று போட்டேன். ‘வாழ்நாளில் ஒருமுறை’ என்று முடித்து அனுப்பினேன். பாலும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் என் ஏழு அறையும் நிரம்பிவிட்டன. மதியத்துக்குள் பக்கத்து ஊர் விடுதிகளும் நிரம்பின. ‘அந்தம்மாவே இப்படி எழுதியிருக்காங்கன்னா’ என்று போனில் ஒரு மனிதர் தழுதழுத்தார். நான் புதிதாக ஒரு கட்டு விறகு அடுக்கினேன். விசிலடித்தேன் என்று நடீன் சொல்கிறாள்.

மூன்று மணிக்கு வில்மா வந்தார். கால் மைல் தூரம், நடந்தே வந்திருந்தார். இடது கண்ணில் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. மற்றக் கண் என்னைப் பார்த்தது. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

“பக்கத்து வீட்டுப் பொண்ணு அறிக்கையைப் படிச்சுக் காட்டுச்சு” என்றார். “ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன்.”

“நல்லா இருந்துச்சா?”

“உச்சியில ஒரு ஜாடிக்குள்ள நோட்டு இருக்குல்ல. ஏறுறவங்க பேரெழுதுற நோட்டு. போன வாரம் புதன்கிழமை அதுல நான் என்ன எழுதி வெச்சிருந்தேன்?”

நான் யோசிப்பதுபோல் விறகைத் தள்ளி வைத்தேன்.

“காட்சி நல்லா இருக்குன்னு…”

“நான் எதையும் நல்லா இருக்குன்னு எழுதுறதில்லை.”

நடீன் மாடிப்படியில் துண்டுகளோடு நின்றுவிட்டாள்.

“திங்கக்கிழமை ராத்திரி காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சது எமெரி?”

“காத்தா? தூங்கிட்டேன்.”

“வடக்கிலிருந்து. எங்க வீட்டுத் தகரம் விடிய விடிய ஆடிக்கிட்டு இருந்துச்சு. வடக்குச் சரிவுல ஒரு இலை இருந்தா ஆச்சரியம்.” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை அவர் என் விடுதியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. “எவ்வளவு தூரம் போன?”

“பெஞ்ச் வரைக்கும்.”

“பெஞ்ச் வரைக்கும்” என்றார், எடை போடுகிறவர்போல. “நீ பொய் சொல்லுவேன்னு தெரியும். உன் விடுதி, உன் வாய், சொல்லிக்க. அதுக்கு உனக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல? அதைப் போட வேண்டியதுதானே. இருபத்திரண்டு வருஷம் நான் மழையிலயும் ஏறினேன், என் வீட்டுக்காரரைப் புதைச்ச வாரமும் ஏறினேன். நான் சொன்னா சொன்னதுன்னு ஆறு மணி நேரம் காரோட்டி வர்றாங்க. எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். அதை நீ ரொட்டி தின்னுக்கிட்டே தூக்கிக் குடுத்துட்ட.”

ரொட்டி விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

நான் வியாபார மொழியில் ஏதோ ஆரம்பித்தேன். தெற்குச் சரிவு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். வருகிறவர்களில் பாதிப்பேர் உச்சிக்குப் போவதே இல்லை என்றேன். இது உண்மை, என்னையே உதாரணமாகக் காட்டலாம். வில்மா எழுந்து கதவருகே போனார்.

“நாளைக்கு வெள்ளி. ஜனங்க சாயங்காலம்தான் கிளம்புவாங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் போனபின் நடீன் துண்டுகளை மேசையில் வைத்தாள். “அஞ்சரைக்கு எழுந்திரு. நானும் வரேன்.”

“நீ எதுக்கு?”

“சாட்சிக்கு.”

வெள்ளிக்கிழமை நடீன் உச்சியை அடைந்து இருபத்தைந்து நிமிடம் கழித்து நான் அடைந்தேன். பெஞ்சைக் கடக்கும்போது அதைப் பார்க்கவில்லை. பாறைமேல் தவழ்ந்து ஏறி, மூச்சு திரும்பி வந்தபின் வடக்கே பார்த்தேன். மரங்கள் எல்லாம் தலைகீழாக நட்டுவைத்த விளக்குமாறுகள்போல நின்றன. இலைகள் தரையில் கிடந்தன, அதுவும் பழுப்பாக. நடுவில் ஏரி மட்டும் தெரிந்தது. அதில் மேகம் படிந்திருக்கவில்லை.

ஜாடியைத் திறந்து நோட்டை எடுத்தேன். போன வாரத் தேதியில் வில்மாவின் கையெழுத்து: ‘நோட்டு நனைகிறது. மூடியை இறுக்கி மூடவும்.’

“எவ்வளவு இருக்கும்?” என்றேன் நடீனிடம். “முப்பது?”

“எண்ணு.”

“இருபது.”

“எமெரி.”

பதினைந்து என்று எழுதினேன். உச்சியில் போன் சரியாக எடுக்காது. ஒரு மூலையில், ஒற்றைக் காலில் நின்றால் எடுக்கும். அப்படி நின்றபடி மாநில அலுவலகத்துக்குப் பேசினேன். இளம்பெண் ஒருத்தி எடுத்தாள். திருத்தம் சொல்ல வேண்டும் என்றேன். வாசித்தேன்:

‘வடக்குச் சரிவு பதினைந்து. மரங்கள் மொட்டை. தெற்கு, பெஞ்ச் உயரம் வரை தொண்ணூறு. புதன்கிழமை அறிக்கையை எழுதியவர் வில்மா தெரியோ அல்ல. எழுதியவர் பாதிவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் எமெரி கோல்கார்ட். விடுதி நடத்துகிறார்.’



“பெஞ்சுங்கிறதையும் போடணுமா சார்?”

நடீனைப் பார்த்தேன்.

“போடும்மா.”

பத்து மணிக்குத் திருத்தம் வெளிவந்தது. அதற்குமுன் கீழே இறங்கி, அறை பிடித்திருந்த ஏழு பேரையும் நானே போனில் கூப்பிட்டுச் சொன்னேன். நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். அதில் ஒருவர் என்னைப் பற்றிச் சொன்ன இரண்டு வார்த்தையும் நூறு சதவீதம் சரியானவை. மூன்று பேர் வந்தார்கள். ஓஹையோவிலிருந்து வந்த வயதான தம்பதி, அந்தப் பெஞ்சைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கூட்டிக்கொண்டு போனேன். அந்தம்மா பெஞ்சில் உட்கார்ந்து, இப்படி ஒரு இடம் கிடைத்தால் யார்தான் மேலே போவார்கள் என்று எனக்காக வாதாடினார். அவருடைய கணவர் என்னைப் பெஞ்சோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு இருவரும் உச்சிக்குக் கிளம்பினார்கள். எழுபத்து நான்கு வயது, எழுபத்தோரு வயது.

டாக்டர் வில்மாவை இன்னும் சில நாள் பொறுக்கச் சொன்னதால், அடுத்த புதன்கிழமை அறிக்கையை அனுப்பியது நடீன். அதற்கு என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. மாலைநேரங்களில் கணப்பருகே பேசும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறது. பெஞ்சுக்கு மேலே உள்ளதை வர்ணிக்க ஆரம்பித்தால் நடீன் சமையலறையிலிருந்து இருமுவாள்.

வில்மா என்னிடம் அதைப்பற்றித் திரும்பப் பேசவில்லை. டிசம்பரில் பனி விழுந்தது. என் வாசல் கடைசியாகத்தான் தள்ளப்பட்டது, ஆனால் தள்ளப்பட்டது. மார்ச் கடைசியில் ஒருநாள் வண்டியை என் வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே ஜன்னலை இறக்கினார்.

“எமெரி, இன்னொரு கண்ணு மே மாசம் பண்ணிக்கிறேன். பனி வேலை முடிஞ்சுரும்.”

“மே மாசம் அறிக்கை எதுவும் கிடையாதே.”

“கிடையாது. அதான் உன்கிட்ட சொல்றேன். பாறைமேல நோட்டு ஊறிப்போச்சு. புதுசு ஒண்ணு கொண்டுபோய் வைக்கணும்.” ஜன்னல் பாதி ஏறியது, நின்றது. “கோடு போட்டது வேண்டாம். கோடு போட்டா ஆளுங்க நீளமா எழுதுறாங்க.”

கோடு போடாத நோட்டு எங்கள் ஊர்க் கடையில் இல்லை. இருபது மைல் காரோட்டிப் போய் வாங்கி வந்துவிட்டேன்.