அத்தையின் கால் யாருக்கு

சின்னவள் கெட்டவளாக இருந்திருந்தால் பெரியவளுக்கு வாழ்க்கை சுலபமாக இருந்திருக்கும். மனசாரத் திட்டிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். ஆனால் அவளுடைய ஓரகத்தி நல்லவளாகவே இருந்து தொலைத்தாள். சின்னவள் ஒரு தட்டைக் கழுவி வைத்தால் "உனக்கேம்மா இந்த வேலை" என்று வீடே பதறும். பெரியவள் தொட்டி நிறையக் கிடந்ததைக் கழுவிக் கவிழ்த்தால் "அந்தக் கரண்டியில இன்னும் பிசுக்கு இருக்கு பாரு" என்று ஒரு குரல் வரும்.

இருவரும் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தார்கள். பெரியவள் ஆறாத புண்களைக் கவனிக்கும் பிரிவில் நர்ஸ். சின்னவள் பிசியோதெரபிஸ்ட், நடக்க முடியாதவர்களை நடக்க வைப்பவள். மாடியில் இருவரின் அறைகளும் எதிரெதிரே. கீழே, சமையலறையை ஒட்டி, மாமியாரின் அறை. வேலையோடு வேலையாக இருவரும் முதுகலை முடித்திருந்தார்கள். இப்போது இருவரும் எழுதிக்கொண்டிருந்தது ஒரே ஆராய்ச்சி உதவித்தொகைக்கான விண்ணப்பம். கிடைத்தால் வார்டு வேலையிலிருந்து விடுதலை, சம்பளத்தோடு முனைவர் படிப்பு. துறையிலிருந்து ஒரே ஒரு விண்ணப்பத்தைத்தான் மேலே அனுப்புவார்கள். பெரியவளுக்கு அடுத்த முறை வயது வரம்பு தாண்டிவிடும். சின்னவளுக்கு இன்னும் எத்தனையோ முறை இருந்தது. அதை நினைத்தாலே இவளுக்கு வயிறு எரிந்தது.

வழிகாட்டிய பேராசிரியைக்குத் துறையில் கத்தரிக்கோல் மேடம் என்று பெயர். எதைக் கொடுத்தாலும் பாதியாகத்தான் திரும்பி வரும். பெரியவளின் முதல் வரைவு கால்வாசியாகத் திரும்பியது.

"உலகத்துல இத்தனை கோடி பேருக்குச் சர்க்கரைன்னு ஆரம்பிக்கிறீங்க. படிக்கிறவங்களுக்கு அது தெரியாதா? உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது என்ன? ஒரு கேள்வி வேணும், ஒரே வரியில. அதைக் கேட்க நீங்க ஏன் சரியான ஆளு? அதுக்கு மேல எழுதறதெல்லாம் அலங்காரம்."

பேருந்தில் வரும்போது பெரியவளுக்குப் பிடிபட்டது. அவளுக்கு மட்டும் தெரிந்தது மாமியாரின் வலது கால். பெருவிரலுக்குக் கீழே சர்க்கரைப் புண், இரண்டு வருடமாக மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அதைக் கழுவிக் கட்டுபவள் அவள்தான். வீட்டில் வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தக் கால் தன்னுடையது என்று அன்று ஒரு நிம்மதி வந்தது.

நிம்மதி ஞாயிற்றுக்கிழமை காலை வரை இருந்தது. தரையில் உட்கார்ந்து, மாமியாரின் பாதத்தை மடியில் வைத்து, பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கையில் இரண்டு தாள்களோடு சின்னவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, என்னோட முதல் பக்கத்தை மட்டும் கேளுங்களேன். உங்களை மாதிரி முகத்துக்கு நேரா சொல்ல எனக்கு யாரு இருக்கா?"

படித்தாள். 'என் மாமியாரின் காலில் ஒரு புண் இருந்தது. அதை நான் முதன்முதலாகத் துடைத்த காலையில் அவர் என் தோளைப் பற்றிக்கொண்டு அழுதார். அன்றுதான் என் கைகள் எதற்காக இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்தது.'

பெரியவளின் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது.

"நீ எப்ப துடைச்ச?"

"நீங்க பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தீங்களே அக்கா, அந்த ரெண்டு நாள்."

ஊரார் வீட்டு நெய்யே என்று சும்மாவா சொன்னார்கள்! அதைவிடக் கொடுமை, அது நன்றாக இருந்தது. அவள் இரண்டு நாள் துடைத்த புண் படிப்பவர் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. தான் இரண்டு வருடம் துடைத்த புண் தன் தாளில் நீளம், அகலம், ஆழம் என்று பிணம் போலக் கிடந்தது.

"இரு, இரு," என்றார் மாமியார். "நான் எப்படி அழுதேன்?"

"கொஞ்சம் கண்ணு கலங்கினீங்க அத்தை."

"நீ ஊத்தின தண்ணி அவ்வளவு சூடு! கலங்காம என்ன பண்ணும்?" பெரியவள் பக்கம் திரும்பினார். "நீயும் என் காலைப் பத்தித்தான் எழுதியிருக்கியாமே. படி."

மனப்பாடமாக இருந்ததைப் பெரியவள் சொன்னாள். நான்கு வரி முடிவதற்குள் மாமியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தையக்காரன் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. காலுக்கு மேல ஒரு பொம்பளை இருக்காளே, அவ எங்க? இவ என்னை அழ வைக்கிறா, நீ என்னை ஆளையே காணோம்னு ஆக்கிட்டே. நல்ல மருமகளுங்க வாய்ச்சீங்க!"

சின்னவள் சிரித்துவிட்டாள். பெரியவளுக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் கிளம்பி, போக வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் போனது.

"அளவு எடுக்காம என்ன பண்றது? சின்னதாகுதே சின்னதாகுதேன்னு பார்த்தா திரும்பப் பெரிசாகுது! ஆஸ்பத்திரியில அச்செடுத்துச் செஞ்ச செருப்பு கட்டிலுக்கடியில தூங்குது. வெளிய போறப்போ ஜோரா மாட்டிக்கிறீங்க, வீட்டுக்குள்ள வெறுங்காலு. ஏன் அத்தை? தினமும் போடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேனே, ஒரு தடவையாவது ஏன்னு சொல்லியிருக்கீங்களா?"

"நீ ஒரு தடவையாவது ஏன்னு கேட்டியா? போடு போடுன்னுதானே கத்தினே."

"சரி, இப்ப கேக்கறேன்."

மாமியார் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அது டொக்கு டொக்குனு சத்தம் போடுது. நான் எழுந்தேன்னா மாடி வரைக்கும் கேக்குது. உடனே இவ ஓடி வந்து 'எங்க போறீங்க அத்தை, உக்காருங்க'ன்னு தோளை அமுக்குவா. நீ ஓடி வந்து 'சர்க்கரை எவ்வளவு இருக்கு, ஃபிரிட்ஜுல என்ன வேலை'ம்பே. என் வீட்டுல நான் நடக்கறது எனக்கு மட்டும் தெரிஞ்சா போதாதா?"

பெரியவள் தன் பிரிவுக்கு வரும் கால்களை நினைத்தாள். தேய்ந்த மருத்துவச் செருப்போடு யாரும் வந்ததே இல்லை. எல்லாம் புத்தம் புதிதாகவே இருக்கும். 'போடுகிறீர்களா?' என்று கேட்டுப் 'போடுகிறேன்' என்று நர்ஸுகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் ஏன் கழற்றுகிறார்கள், யாருடைய காதுக்குப் பயந்து? ஒரே வரிக் கேள்வி!

நிமிர்ந்தாள். சின்னவளின் கண்ணிலும் அதே வெளிச்சம். மேலே ஓடிப்போய் எழுத, இருவரும் ஒரே நொடியில் மாடிப்படியைப் பார்த்தார்கள்.

"நான்தான் கேட்டேன்," என்றாள் பெரியவள்.

"அவங்க முதல்ல என்னைத்தானே சொன்னாங்க அக்கா!"

"நிறுத்துங்கடி," என்றார் மாமியார், வெகுநாளாக இல்லாத உற்சாகத்தோடு. "நகையைப் பிரிச்சப்போகூட நீங்க இப்படி முறைச்சுக்கலை. என் சம்மதம் இல்லாம எவளும் எழுத முடியாதுல்ல? செருப்பு பெரியவளுக்கு. அழுகை சின்னவளுக்கு. நான் அழலை, ஆனா வெச்சுக்கோ, உனக்கு அது நல்லா வருது."

துறை பெரியவளின் விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்தச் செய்தியைக் கேட்டு முதலில் ஓடி வந்து கட்டிக்கொண்டவள் சின்னவள். தோற்றவளுக்கு இவ்வளவு அழகாகச் சந்தோஷப்பட வருமா என்று ஜெயித்தவளுக்கு மறுபடியும் எரிந்தது.

கத்தரிக்கோல் மேடம் இந்த முறை அதிகம் வெட்டவில்லை. ஒரு ஓட்டையை மட்டும் காட்டினார்.

"வீடு வீடாப் போய் நடையைப் பார்க்கணும்னு எழுதியிருக்கீங்க. நடையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? கூட ஒரு பிசியோதெரபிஸ்ட் வேணும். பேரும் போடணும், அவங்க எதனால சரியான ஆளுன்னு ஒரு பத்தியும் எழுதணும். இல்லன்னா மேலிடத்துல தூக்கி எறிஞ்சிடுவாங்க. உங்க வீட்டுலயே ஒருத்தி இருக்காளே?"

அந்த ஒரு பத்தி முழு விண்ணப்பத்தையும் விட அதிக நேரம் எடுத்தது. 'திறமையானவர்' என்று எழுதினாள், அழித்தாள். 'போதிய திறமை உடையவர்' என்று மாற்றினாள். மேடத்தின் கத்தரி கண்முன் வந்தது. உனக்கு மட்டும் தெரிந்தது என்ன? பல்லைக் கடித்துக்கொண்டு உண்மையை எழுதினாள்.

கையெழுத்துக்காகச் சின்னவள் எதிர் அறையிலிருந்து வந்து அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"'இவர் அறைக்குள் நுழைந்தால் நோயாளிகள் மறைப்பதை மறந்துவிடுகிறார்கள்.' அக்கா, இது நிஜமாவா?"

"பொய் எழுதினா வெட்டிடுவாங்க. சீக்கிரம் போடு கையெழுத்தை."

சின்னவளின் கண் கலங்கியது. அழும்போதுகூட இவள் அழகாகத்தான் இருந்து தொலைக்கிறாள் என்று பெரியவள் நினைத்தாள்.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. யாரும் ஓடி வரக்கூடாது என்ற நிபந்தனையோடு மாமியார் வீட்டுக்குள் போட ஆரம்பித்திருந்த செருப்பின் டொக்கு டொக்கு கீழே வெகுநேரமாகக் கேட்கவே இல்லை.

"ஃபிரிட்ஜு!" என்றாள் சின்னவள், பாதிப் படி இறங்கியபடி.

"ஓடாதே, நில்லு!" பெரியவள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "முதல்ல ஏன்னு கேக்கணும். அதுவும் நான்தான் கேப்பேன்."